முன்னால் விட்ட காலியிடம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் சிப்காட் தொழிற்பேட்டை ஸ்டாப்பிங்கை யாரும் கூவிச் சொல்லத் தேவையில்லை. ஓ.டி.யைத் (ஓல்டு டவுனைத்) தாண்டிக் குடிகாடு நெருங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த வாடையை எண்ணாக்கிக் காட்ட, 2004-ல் ஊர்மக்களே வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து, 2014 பிப்ரவரியில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. சிப்காட்டுக்குப் பழக்கமான பெயர்கள்தான். இன்று இங்கே புகைபோக்கியில் அளக்கிற எண், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளி, கிண்டியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கேர் ஏர் சென்டர் வரைக்கும் போகிறது.

அந்தப் பயணம் முழுவதையும் சொல்ல எனக்குத் தகுதி போதாது. நான் கருவிக்காரன். எனக்குப் பழக்கமானது முதல் சில மீட்டர்தான்: அனலைசரிலிருந்து கன்ட்ரோல் ரூமில் இருக்கும் டேட்டா லாகர் வரை ஓடும் ஈதர்நெட் கேபிள். வேடிக்கை அதிகம் நடப்பதும் அங்கேதான்.

கந்தக டை ஆக்ஸைடு இவ்வளவு என்று அனலைசர் சொல்லும் எண்ணின் அளவு 2 பைட். ஆலைகளில் இன்றும் செல்லுபடியாகும் பாஷை மோட்பஸ். மோடிகான் கம்பெனி 1979-ல் கொண்டுவந்தது. அந்த பாஷையில் ஒரு ரெஜிஸ்டர் என்றால் 2 பைட். கேட்டவருக்கு அதைப் பதிலாக அனுப்ப, முன்னால் 7 பைட் மோட்பஸ் தலைப்பு, எந்த வேலை என்பதற்கு 1, எத்தனை பைட் என்பதற்கு 1. ஆக 11. அதன் முன்னால் டிசிபி தலைப்பு 20, அதற்கும் முன்னால் ஐபி தலைப்பு 20, எல்லாவற்றுக்கும் முன்னால் ஈதர்நெட் தலைப்பு 14: போகும் நெட்வொர்க் கார்டின் முகவரி 6, அனுப்பும் கார்டின் முகவரி 6, உள்ளே இருப்பது என்ன சரக்கு என்பதற்கு 2. கூட்டினால் 65. பின்னால் 4 பைட் சரிபார்ப்பு எண், கம்பியில் ஏறும்போது முன்னறிவிப்பாக 8, அடுத்தவருக்கு வழிவிட 12 பைட் நேரம். 2 பைட் சரக்குக்கு 87 பைட் வாடகை. கணக்குப் பிள்ளை யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்தத் தலைப்புகளை ஒரே ஆள் எழுதுவதில்லை. மோட்பஸ் தலைப்பை அனலைசரின் புரோகிராம் எழுதும். டிசிபியையும் ஐபியையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கர்னல் எழுதும். கார்டுக்கு மட்டுமே புரிகிற தலைப்பு ஏதாவது உண்டென்றால், அதை எழுதுபவர் டிரைவர். இந்த டிரைவர் மென்பொருள். என்றாலும் சிப்காட் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவருக்கும் இவருக்கும் வேலையில் பெரிய வித்தியாசமில்லை. சரக்கு என்னவென்று இருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு இடம், எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது தெரிந்தாக வேண்டும்.

டேங்கர் லாரியை யாரும் விளிம்பு முட்ட நிரப்புவதில்லை. பங்குனி வெயிலில் உள்ளே இருக்கும் திரவம் விரியும். அதற்கு மேலே கொஞ்சம் காலி விட்டே ஆகவேண்டும். இன்னொன்றும் இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றுவதுதான் ஆபத்தும் தண்டச் செலவுமான வேலை. முடிந்தவரை மாற்றி ஊற்றாமல் ஒரே பாத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

தலைப்புகளோடு சேர்ந்த இந்தக் கட்டுக்கு, அதாவது பாக்கெட்டுக்கும் அதே கவலை. மோட்பஸின் 11 பைட்டை நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதியாயிற்று. இப்போது டிசிபி தன் 20 பைட்டை அதன் முன்னால் வைக்க வேண்டும். முன்னால் இடமில்லையென்றால் 31 பைட்டுக்குப் புது இடம் பிடித்து, தலைப்பை எழுதி, பழைய 11-ஐப் பிரதி எடுக்க வேண்டும். ஐபி வந்து இன்னொரு தடவை, ஈதர்நெட் வந்து இன்னொரு தடவை. 11 பைட்டுக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஈதர்நெட்டின் உச்சமான 1500 பைட்டுக்கு, நொடிக்குப் பல்லாயிரம் பாக்கெட்டுக்கு என்று பாருங்கள்: கணினி வேறு வேலையே செய்யாது, ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் 1980-களில் இதற்கு எம்பஃப் என்று 128 பைட் துண்டுகளை வைத்திருந்தார்கள். தலைப்பு வேண்டுமா, இன்னொரு துண்டை எடுத்துச் சங்கிலியில் முன்னால் மாட்டு. ரயிலில் பெட்டி சேர்க்கிற மாதிரி. நினைவகம் அருமையாக இருந்த காலத்துக்கு அது சரியான யோசனை. லினக்ஸ் வேறு வழி பிடித்தது. எஸ்கேபஃப் என்ற அமைப்பை ஆலன் காக்ஸ் 1996-ல் லினக்ஸ் ஜர்னலில் விளக்கி எழுதினார். இத்தனை வருஷத்தில் அது எவ்வளவோ பெருத்துவிட்டது, ஆனால் அதன் முதுகெலும்பு அன்று போலவே இருக்கிறது: ஒரே நீள நினைவகம், அதைக் காட்டும் நான்கு விரல்கள்.

முதல் விரல் இடத்தின் தொடக்கத்தைக் காட்டும், பெயர் ஹெட். கடைசி விரல் முடிவைக் காட்டும், எண்ட். இவ்விரண்டும் அசையாதவை. நடுவில் டேட்டா, டெயில் என்று இரண்டு. சரக்கு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதை அவை காட்டும்; அவை நகரும். 256 பைட் இடம் பிடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக, சரக்கு ஒரு பைட்கூட வராத நேரத்தில், டேட்டாவையும் டெயிலையும் 128-க்குத் தள்ளிவிடுகிறோம். இதற்கு ரிசர்வ் என்று பெயர். முன்னால் பாதி இடம் வெறுமனே கிடக்கிறது. பிறகு 11 பைட்டை 128-லிருந்து எழுதுகிறோம்; டெயில் 139-க்கு நகர்கிறது. இது புட். டிசிபி வருகிறது, டேட்டா விரலை 20 பின்னுக்கு இழுக்கிறது; 108. இது புஷ். அந்த இடைவெளியில் தன் தலைப்பை எழுதுகிறது. ஐபி இழுத்தால் 88. ஈதர்நெட் இழுத்தால் 74. அந்த 11 பைட் எழுதின இடத்தைவிட்டு அசையவே இல்லை. விரல் மட்டும் நகர்ந்தது. இன்னும் 74 பைட் முன்னால் காலி.

பாக்கெட் வந்து சேரும் இடத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும். கார்டு 65 பைட்டை எழுதிவிட்டுப் போகும். டிரைவர் முதல் 14-ஐப் பார்ப்பார். யாருக்கு வந்தது, நமக்கா, ஊருக்கே போட்ட தண்டோராவா, உள்ளே என்ன. கடைசி இரண்டு பைட் 08 00 என்றிருந்தால் ஐபி. பார்த்ததும் டேட்டா விரலை 14 முன்னுக்குத் தள்ளுவார். இதற்குப் புல் என்று பெயர். ஐபி 20 தள்ளும், டிசிபி 20 தள்ளும், மிஞ்சியது 11. தள்ளினதால் அந்தத் தலைப்புகள் அழிந்துபோகவில்லை. விரலுக்கு முன்னால், காலியிடம் என்று நாம் சொல்லும் பகுதியில், எழுத்து மாறாமல் அப்படியே கிடக்கின்றன. இந்த பாக்கெட்டை அப்படியே இன்னொரு கேபிளில் அனுப்ப வேண்டுமென்றால் விரலைத் திரும்ப 14 பின்னுக்கு இழுத்தால் போதும். காலி என்று சொல்வது எப்போதுமே சந்தேகத்துக்கு உரிய சொல். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த 14-இல் ஒரு குறும்பு இருக்கிறது. சில பிராசசர்களுக்கு நான்கு பைட் எண்களை நான்கின் மடங்கில் இருக்கும் இடத்திலிருந்து படித்தால்தான் சுகம்; இல்லையென்றால் மெதுவாகும், சிலவற்றில் தகராறே வரும். 14 நான்கின் மடங்கு இல்லை. ஈதர்நெட் தலைப்பு சரியான இடத்தில் தொடங்கினால் ஐபி முகவரிகள் கோணலான இடத்தில் விழும். அதனால் டிரைவர் எழுதுபவர்கள் முன்னால் 2 பைட் சும்மா விட்டுவிடுவார்கள். 2 + 14 = 16, ஐபி தலைப்பு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். இன்டெல் வகை பிராசசர்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டாம் என்று லினக்ஸ் பின்னாளில் விட்டுவிட்டது.

இதுவரை சொன்னது மதர்போர்டிலேயே இருக்கும் ஒழுங்கான கார்டின் கதை. சிப்காட்டில் நான் திறந்து பார்த்த சின்னப் பெட்டிகளில் இரண்டாவது நெட்வொர்க் வேண்டுமென்றால் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைச் செருகி, டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். யுஎஸ்பி கம்பியில் ஈதர்நெட் பாக்கெட் என்று ஒன்று கிடையாது, பைட் வெள்ளம்தான். எங்கே ஒரு பாக்கெட் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சிப்புக்குச் சொல்ல வேண்டும். ஏசிக்ஸ் கம்பெனியின் ஏஎக்ஸ் 88772 சிப்புக்கு அதற்கென 4 பைட் தலைப்பு உண்டு: முதல் இரண்டில் நீளம், அடுத்த இரண்டில் அதே நீளம் பிட்டுக்குப் பிட் புரட்டிப் போட்டது. புரட்டினது பொருந்தவில்லையென்றால் இது தலைப்பே இல்லை, வெள்ளத்தில் எங்கேயோ தடம் புரண்டுவிட்டோம் என்று கண்டுகொள்ளலாம். எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதச் சொல்லும் செக் புத்தி. எனக்கு மிகவும் பிடித்த 4 பைட் இது.

ஆனால் அந்த 4 பைட் ஐபிக்குத் தெரியாது, டிசிபிக்கும் தெரியாது. கம்பியில் ஏறுவதும் இல்லை. சிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடும். அதற்கும் முன்னாலேயே இடம் வேண்டும். ஆகவே டிரைவர் பதிவாகும்போதே “எனக்கு இத்தனை பைட் கூடுதலாக முன்னால் விடுங்கள்” என்று ஒரு எண்ணைச் சொல்லி வைக்கலாம். மேலே இருப்பவர்கள் ரிசர்வ் செய்யும்போது அதையும் சேர்த்து விடுவார்கள். அப்படிச் சொன்னாலும் உறுதியில்லை. வழியில் யாரோ ஒரு விலான் பட்டியை 4 பைட்டுக்குச் செருகியிருக்கலாம், விபிஎன் தன் பங்குக்கு உறை மேல் உறை போட்டிருக்கலாம். அதனால் நல்ல டிரைவர் புஷ் செய்வதற்குமுன் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வேறு வழியில்லாமல் பெரிய இடத்துக்கு மாற்றி ஊற்றுவார்.

பார்க்காமல் புஷ் செய்தால் டேட்டா விரல் ஹெட்டுக்கும் பின்னால் போய்விடும். அது அடுத்தவன் நிலம். அங்கே 4 பைட் எழுதினால் யாருடைய எதை அழித்தோம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகலாம். லினக்ஸ் இந்த விஷயத்தில் கடுமையானது. விரல் எல்லை தாண்டிய கணமே “எஸ்கேபி அண்டர் பேனிக்” என்று கத்திவிட்டுக் கர்னல் நின்றுவிடும். ஆலையில் பெட்டி நின்றுபோனால் நமக்குத் திட்டு விழும், ஆனாலும் நான் கர்னல் பக்கம்தான். தப்பான ரீடிங்கைச் சிரித்த முகத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கும் பெட்டியைவிட நின்றுபோன பெட்டி மேல்.

இடம் இருக்கிறது என்பதாலேயே எழுதிவிடவும் கூடாது. வயர்ஷார்க் மாதிரி பாக்கெட்டை எட்டிப் பார்க்கும் புரோகிராம் ஓடும்போது, கர்னல் சரக்கைப் பிரதி எடுப்பதில்லை. அதே சரக்குக்கு இன்னொரு விரல் ஜோடியைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு பேர் ஒரே தாளைப் படிக்கும்போது ஒருவர் பேனாவைத் திறந்தால் என்ன ஆகும்? அதனால் எழுதுவதற்குமுன் இது பகிர்ந்த தாளா என்றும் கேட்க வேண்டும். மாற்றி ஊற்றியபின் பழைய விரலையே பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு பிழை. குடித்தனம் மாறிப் போனவருக்குப் பழைய வீட்டு வாசலில் கடிதம் போடுகிற மாதிரி. டிரைவர் பிழைகளைத் தேடுபவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வரும் பாக்கெட்டுக்கும் கார்டு இடம் கேட்டு வந்து நிற்பதில்லை. காலி எஸ்கேபஃப்களை டிரைவர் முன்கூட்டியே வளையமாக வரிசைப்படுத்திக் கார்டிடம் கொடுத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் இடத்தின் முகவரி, நீளம், இப்போது இது யார் கையில் என்று ஒரு பிட். கார்டு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தானே நினைவகத்தில் எழுதும், பிட்டைப் புரட்டும், மணியடிக்கும். பாக்கெட் மழையாகக் கொட்டினால் ஒவ்வொன்றுக்கும் மணியடிப்பதிலேயே பொழுது போய்விடும் என்று, முதல் மணி அடித்ததும் மணியை நிறுத்திவிட்டு, ஒரு சுற்றுக்கு 64 வரை டிரைவர் தானே போய் அள்ளிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. டேங்கர்கள் அனைத்தும் நிரம்பி, காலி வண்டி வராவிட்டால் மட்டும் பாக்கெட் தரையில் போகும். சத்தமில்லாமல்.

இனி வால் பக்கம். இதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

ஈதர்நெட்டுக்கு உச்சம் மாதிரியே கீழ்வரம்பும் உண்டு: சரிபார்ப்பு எண்ணோடு 64 பைட், அது நீங்கலாக 60. ஏன்? பழைய ஈதர்நெட்டில் எல்லோரும் ஒரே கோஆக்சியல் கேபிளில் தொங்கினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதும். மோதியது என்று தெரிவதற்குள் நான் பேசி முடித்திருந்தால் எனக்குத் தெரியாமலே போய்விடும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில், 2500 மீட்டர் நீளக் கோடிவரை போய்த் திரும்பும் நேரமாக 51.2 மைக்ரோ நொடி வைத்தார்கள். அதற்கு 512 பிட், அதாவது 64 பைட். இன்று ஸ்விட்ச் வந்துவிட்டது, மோதலே கிடையாது. விதி மட்டும் நிலைத்துவிட்டது.

நம் 65 தப்பித்தது. ஆனால் “கிடைத்தது” என்று டிசிபி அனுப்பும் வெறும் ஒப்புகைச் சீட்டில் சரக்கு சுழியம்; 14 + 20 + 20 = 54. ஆறு பைட் குறைகிறது. அதை நிரப்பி அனுப்ப வேண்டும். எதனால் நிரப்புவது? 1984-ல் வந்த ஆர்எஃப்சி 894 சுழியத்தால் என்று எழுதி வைத்திருக்கிறது. சில டிரைவர் எழுதியவர்கள் அதைச் செய்யாமல் கார்டிடம் “60 பைட் அனுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். 54 பைட் எழுதின இடத்திலிருந்து 60 பைட் போனது. வாங்கின பக்கம் ஐபி தன் தலைப்பில் எழுதியிருக்கும் நீளத்தைப் பார்த்து வாலை நறுக்கிவிடும். எந்தப் புரோகிராமுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

2003 ஜனவரியில் ஓஃபிர் ஆர்க்கின், ஜாஷ் ஆண்டர்சன் இருவரும் இதை எடுத்து வெளியில் போட்டார்கள். ஈதர்லீக் என்று பெயர் வைத்தார்கள். பல கம்பெனிகளின், பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்களின் டிரைவர்களில் ஒரே ஓட்டை. லினக்ஸ் டிரைவர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அனுப்புவதற்குமுன் வாலில் சுழியம் எழுதும் வரி சேர்க்கப்பட்டது.

அதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து, இங்கே ஓர் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் (பெயர் வேண்டாம்) ஒரு பழைய டேட்டா லாகர் அடிக்கடி இணைப்பை உதறுகிறது என்று கூப்பிட்டார்கள். லேப்டாப்பை அதே ஸ்விட்ச்சில் மாட்டி, லாகரின் வெப் பக்கத்தைத் திறந்து, வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். இணைப்புக் கோளாறு வேறு. கேபிள் நுனியில் கிரிம்பிங் சரியில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் எனக்கு வந்த ஒப்புகைச் சீட்டுகளின் வாலைப் பார்த்தபோது ஆறு சுழியம் இல்லை. ஒன்றில் எண்ணின் துண்டு. இன்னொன்றிலும் எண்ணின் துண்டு. மூன்றாவதில் ஆங்கில எழுத்துகள்: பி, ஏ, எஸ், எஸ், ஓர் இடைவெளி, அப்புறம் டி.

ஷிஃப்டில் இருந்த தம்பி எட்டிப் பார்த்து, “என்ன சார், பாஸ்வேர்டா?” என்றார். ஆமாம், அதன் முதல் எழுத்து.

அந்த லாகர் கால் மணிக்கு ஒரு தடவை ஆலையின் சர்வருக்கு எஃப்டிபியில் ஃபைல் ஏற்றும். எஃப்டிபி கடவுச்சொல்லை அனுப்பும் வரி அந்த நான்கு எழுத்தில்தான் தொடங்கும். அந்த வரி இருந்த பாக்கெட்டில் தலைப்புகள் 54 பைட்; ஆகவே வரி 55-வது பைட்டில் தொடங்கியது. அடுத்து அதே இடத்தில் எனக்கான ஒப்புகைச் சீட்டு எழுதப்பட்டது: அதுவும் 54 பைட். முந்தைய பாக்கெட்டின் தலைப்புகள் மேலே சரியாக அமர்ந்து, சரக்கை மட்டும் மூடாமல் விட்டுவிட்டது. கார்டு 60 எண்ணி அனுப்பியது. ஆறு பைட்டுக்கும் இவ்வளவு துல்லியமாக அந்த எழுத்துகள் வந்து விழுந்ததற்கு இந்த 54-தான் காரணம்.

எஃப்டிபியே கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையில் அனுப்புவதுதானே, இதில் புதிதாக என்ன போயிற்று என்று கேட்கலாம். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் சர்வருக்குப் போகும் பாக்கெட் என் கேபிளுக்கு வராது. நான் எட்டிப் பார்க்க முடியாது. இந்தக் கசிவில் நான் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. என் முகவரிக்கே, நான் கேட்ட பதிலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஐபி முகவரி எந்தக் கார்டுடையது என்று ஏஆர்பி கேள்வி கேட்டால் பதில் 42 பைட்தான். நிரப்ப வேண்டியது 18. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

டேங்கர் காலியாக வந்தாலும் கேட்டில் மேன்ஹோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். போன தடவை என்ன ஏற்றினாய், எங்கே கழுவினாய் என்று கேட்பார்கள். பேப்பர் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். ஆலைக்குள் ரசாயனத்துக்கு இருக்கும் அந்த ஒழுங்கு, அதே ஆலையின் 6 பைட்டுக்கு இல்லை.

லாகரின் டிரைவரைத் திருத்தச் சோர்ஸ் கோடு கிடையாது. விற்றவர்கள் அந்த மாடலை விட்டே வருஷமாகிவிட்டது. இருந்தாலும் வழி இருந்தது. ஈதர்நெட் வால் ஒரு கேபிளைத் தாண்டி வாழாது. ஐபி பாக்கெட்டை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி எதுவாயினும் பழைய வாலை நறுக்கிவிட்டுத் தன் வாலைத்தான் வைக்கும். லாகருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் கேட்வே வைத்தோம். அதிலும் இரண்டாவது போர்ட் யுஎஸ்பி அடாப்டர்தான், டேப் போட்டு ஒட்டியது. மறுபடி லேப்டாப்பை மாட்டி லாகரின் பக்கத்தைத் திறந்தேன். ஒப்புகைச் சீட்டுகள் வந்தன, 60 பைட், 60 பைட், 60 பைட். வாலில் 00 00 00 00 00 00.

தம்பி கேட்டார்: “அப்ப அந்தப் பாஸ்வேர்ட் இப்ப எங்க சார் போவுது?”

பேனலுக்குள் கையை விட்டு, லாகருக்கும் கேட்வேக்கும் நடுவில் இருந்த நீலக் கேபிளைக் காட்டினேன். ஒரு மீட்டர்தான் இருக்கும்.